கோழி, எலி, ஆடு, மீன்: வளைந்த முதுகுகள் சொன்ன சேதி

மனிதனுக்கு வருகிற எத்தனையோ நோய்கள் மற்ற பிராணிகளுக்கும் வரும். நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது. மாட்டுக்குக் காசநோய் வருகிறது. ஆனால் பத்து, பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு, காரணம் எதுவும் தெரியாமல், முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் வளைந்து போகிறதே, 'ஸ்கோலியோசிஸ்' என்று எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் எழுதித் தருகிறார்களே, அந்த நோய் மட்டும் நாலு கால் பிராணிகளுக்குத் தானாக வருவதாகக் காணோம்.

ஏன் வரவில்லை? வராத நோயை வரவழைத்துப் பார்த்தால் காரணம் பிடிபடுமா? இந்தக் கேள்வியோடு எழுபது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ச்சிக் கூடங்களில் கோழிக்குஞ்சு, எலி, முயல், ஆடு, மீன் என்று ஒவ்வொன்றின் முதுகையும் வளைத்துப் பார்த்து வருகிறார்கள். இப்படி ஒரு நோயை வரவழைத்த பிராணியை 'விலங்கு மாதிரி' என்பார்கள். மாதிரி என்றதும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். உயிருள்ள பிராணிதான்.

சித்த வைத்தியனுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் தாய்மார்களில் சிலர், கைப்பையிலிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். 'விலங்குகளிடம் சோதித்து நிரூபிக்கப்பட்டது! முதுகு வளைவு நிமிரும்! பெல்ட் வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம்!' ஒன்று எண்ணெய்க்கு, இன்னொன்று மாத்திரைக்கு. "எலிக்கே நிமிர்ந்திருக்காம் டாக்டர், எம் பொண்ணுக்கு நிமிராதா?" என்று அவர்கள் கேட்கும்போது ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. அந்த எலியின் முதுகு முதலில் எப்படி வளைந்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம்.

வளைவு வேறு, கூன் வேறு

பின்னால் நின்று பார்த்தால் நம் முதுகெலும்பு தூக்குக் குண்டு விட்ட மாதிரி நேராக இருக்க வேண்டும். ஸ்கோலியோசிஸில் அது பக்கவாட்டில் வளைகிறது. வளைவதோடு நிற்காமல் துணியைப் பிழிவது போலக் கொஞ்சம் முறுக்கியும் கொள்கிறது. அந்த முறுக்கினால்தான் ஒரு பக்க விலா எலும்புகள் முதுகில் புடைத்துத் தெரிகின்றன. எக்ஸ்ரேயில் கோடு போட்டு அளந்து, 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரும் பருவத்துப் பிள்ளைகள் நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது உண்டு. சின்ன வளைவுகளில் ஆண், பெண் பேதம் அதிகமில்லை. 30 டிகிரியைத் தாண்டும் பெரிய வளைவுகள் பெண் பிள்ளைகளுக்கே பல மடங்கு அதிகம்.

பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் காரணம் தெரியாது. புத்தக மூட்டையைச் சுமந்ததால் வந்தது, கோணலாக உட்கார்ந்து டிவி பார்த்ததால் வந்தது, கர்ப்பத்தில் நான் சரியாகச் சாப்பிடாததால் வந்தது என்று தாய்மார்கள் தங்களையே நொந்து கொள்கிறார்கள். இவற்றில் எதனாலும் வரவில்லை அம்மா.

கூன் என்பது முன்பக்கமாக விழுவது. நம் தாம்பரம் வட்டாரத்துப் பெரியவர்களுக்குக் குழந்தையின் முதுகில் கூன் என்றாலே அடிவயிறு கலங்கும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். அதிலிருந்துதான் ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர் வந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்காமல் முதுகெலும்பையும் அரிக்கும். எலும்பின் முன்பகுதி இடிந்து உட்கார்ந்துவிட, முதுகு முன்னோக்கி மடங்கும். இது இன்றும் ஒழியவில்லை. ஆகவே முதுகுக் கோணலோடு மாலைக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் தூங்க விடாத வலி, கால் மரத்துப் போதல் இவற்றில் ஏதாவது இருந்தால், அதை ஸ்கோலியோசிஸ் கணக்கில் சேர்த்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பூச்செடி விதை தின்ற எலி

'ஸ்வீட் பீ' என்று ஒரு பூங்கொடி. மலைவாசஸ்தலத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். பட்டாணி ஜாதி, மணமுள்ள பூ. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதன் விதையை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்தபோது அவற்றின் எலும்புகள் கோணிக் கொண்டன. 1952-ல் அயோவாவில் பொன்செட்டி என்ற எலும்பு மருத்துவர் இதையே ஸ்கோலியோசிஸ் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். ஆம், பிறவியிலேயே பாதம் திரும்பிய குழந்தைகளுக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி நிமிர்த்துகிறார்களே, அந்த 'பொன்செட்டி முறை'க்குச் சொந்தக்காரர் இவரேதான்.

விதையில் இருந்த நஞ்சு செய்த வேலை என்ன? எலும்புக்கும் தசைநாருக்கும் ரத்தக்குழாய்க்கும் பலம் தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். கயிற்றுப் புரிகள் ஒன்றோடொன்று முறுக்கேறிக் கொள்வது போல இந்த நார்கள் பிணைந்தால்தான் உறுதி கிடைக்கும். அந்தப் பிணைப்பை நஞ்சு தடுத்துவிட்டது. எலியின் முதுகு வளைந்தது; கூடவே இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் சுவரும் கிழிந்தது. நம் பெண்ணுக்கு முதுகு மட்டும்தானே வளைந்திருக்கிறது? ரத்தக்குழாய் நன்றாகத்தானே இருக்கிறது? ஆகவே இந்த எலியின் நோய் வேறு. பிணைப்புத் திசு தளர்ந்தால் எலும்பு கோணும் என்ற ஒரு பாடத்தை மட்டும் அது கொடுத்தது. மார்ஃபான் போன்ற பிறவித் திசுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு ஏன் முதுகு வளைகிறது என்பதை விளங்கிக் கொள்ள அந்தப் பாடம் உதவுகிறது.

துவரம்பருப்பில் கலப்படம் செய்வார்களே கேசரிப் பருப்பு, அது இந்தச் செடிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் நஞ்சோ வேறு ரகம். எலும்பை விட்டுவிட்டு நரம்பைத் தாக்கிக் கால்களை முடக்கும்.

கோழிக்குஞ்சும் தூக்க மாத்திரையும்

மூளைக்குள் பட்டாணி அளவுகூட இல்லாத பீனியல் சுரப்பி இருக்கிறது. இருட்டானதும் 'மெலடோனின்' என்ற சுரப்பை ரத்தத்தில் விட்டு உடம்புக்கு ராத்திரி வந்துவிட்டதைச் சொல்வது அதன் வேலை. 1959-ல் தில்லார் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி, பொரித்த கோழிக்குஞ்சுகளின் பீனியலை அகற்றினார். பல குஞ்சுகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது. அதே முறுக்கு, அதே கோணல்!

1990-களில் ஜப்பானில் மசிதா என்ற மருத்துவரின் குழு இதைத் தீவிரமாகத் தொடர்ந்தது. குஞ்சுகளுக்கு மெலடோனினைத் திரும்பக் கொடுத்தால் வளைவு தடுக்கப்படுகிறது என்றார்கள். எலிகளிடமும் செய்து பார்த்தார்கள். நாலு காலில் ஓடும் எலியின் பீனியலை எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. முன்னங்கால்களையும் வாலையும் வெட்டி, தீனிக்காக இரண்டு காலில் எழுந்து நிற்கப் பழக்கிய எலிகளுக்குப் பீனியலை எடுத்தபோது முதுகு வளைந்தது. இதைப் படித்தபோது எனக்கு மனசு சங்கடப்பட்டது, உங்களுக்கும் படலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கோழியும் இரண்டு கால், இந்த எலியும் இரண்டு கால், மனிதனும் இரண்டு கால். நிமிர்ந்து நிற்கும் முதுகில் மேலிருந்து இறங்கும் பாரம் இல்லாமல் இந்த நோய் இல்லை என்பது இங்கே கிடைத்த பெரிய விஷயம்.

கிடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'மெலடோனின் குறைவதால்தான் முதுகு வளைகிறது' என்ற பேச்சு ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த மெலடோனின் மாத்திரையை மகளின் முதுகுக்காகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். பாவம், பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் தூங்கித் தூங்கி விழுந்ததுதான் மிச்சம். நோயாளிப் பிள்ளைகளின் ரத்தத்தில் மெலடோனினை அளந்து பார்த்த பல ஆய்வுகளில், மற்றப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2005-ல் ஹாங்காங் மருத்துவர்கள் குட்டிக் குரங்குகளின் பீனியலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு குரங்குக்கும் முதுகு வளையவில்லை. கோழிக்கு உண்மையானது, நமக்கு நெருங்கிய உறவான குரங்குக்கே உண்மையாக இல்லை!

எங்கள் பக்கத்திலும் இந்த அவசரம் உண்டு. வாத நோய்கள் எண்பது என்று சித்த மருத்துவத்தில் படிக்கிறோம். அதில் ஒன்றுக்குள் ஸ்கோலியோசிஸை அடக்கிவிட்டு, வாதத்துக்கு உள்ள தைலத்தை எழுதிக் கொடுத்துவிடுகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெயர் வைத்துவிட்டால் காரணம் கண்டுபிடித்ததாக ஆகுமா?

முயலின் விலா, ஆட்டின் கயிறு

மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய் சானடோரியங்களில் ஓர் ஆபரேஷன் உண்டு. புண்ணான நுரையீரலைச் சுருங்க வைக்க, அந்தப் பக்கத்து விலா எலும்புகள் சிலவற்றை எடுத்துவிடுவார்கள். உயிர் பிழைத்தவர்கள் பலருக்குப் பின்னால் முதுகு ஒரு பக்கம் சாய்ந்து போயிற்று. 1961-ல் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் குட்டி முயல்களின் விலா எலும்புகளை, முதுகெலும்போடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். முயல் வளர வளர வளைவும் வளர்ந்தது. 'வளர வளர' என்ற அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக் கொள்ளுங்கள்.

அதன் மர்மத்தை ஆடு அவிழ்த்தது. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் குட்டி ஆடுகளின் முதுகெலும்பில் ஒரு பக்கம் மட்டும் கயிறு போன்ற பட்டையை இழுத்துக் கட்டினார்கள். அந்தப் பக்க விலாக்களைச் சேர்த்துக் கட்டி, மறுபக்க விலாக்களில் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் மனிதப் பிள்ளையின் எக்ஸ்ரே என்று சொல்லத்தக்க வளைவு ஆட்டுக்கு வந்துவிட்டது.

ஏன்? ஒவ்வொரு முதுகெலும்புக் கண்ணியின் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அழுத்தம் அதிகமான இடத்தில் தட்டு மெதுவாக வளரும். அழுத்தம் குறைந்த இடத்தில் வேகமாக வளரும். ஜெர்மானிய மருத்துவர்கள் ஹ்யூட்டரும் வோல்க்மனும் 1862-லேயே எழுதி வைத்த விதி இது. ஒரு பக்கம் கட்டிய ஆட்டில், கட்டிய பக்கம் நசுங்கி வளர்ச்சி குன்ற, மறுபக்கம் வளர்ந்துகொண்டே போக, செங்கல் போல் இருந்த கண்ணி ஆப்பு போல் ஆகிவிடுகிறது. ஆப்பை ஆப்பின் மேல் அடுக்கினால் சுவர் நேராக நிற்குமா? சாயத்தான் செய்யும். சாய்ந்ததும் உட்பக்கம் மேலும் அழுந்தும். மேலும் அழுந்தினால் மேலும் சாயும். முதலில் எது சாய வைத்தது என்பது இன்றும் கேள்விதான். சாய்ந்த பிறகு ஏன் நிற்காமல் ஓடுகிறது என்பதற்குப் பதில் ஆட்டிடம் கிடைத்துவிட்டது.

பதில் கிடைத்ததும் சில மருத்துவர்கள் கேட்டார்கள்: கட்டி வளைக்க முடியும் என்றால், எதிர்ப்பக்கம் கட்டி நிமிர்த்த முடியாதா? வளைவின் வெளிப்பக்கத்தில் கண்ணிகளுக்கு ஸ்க்ரூ போட்டு, வளையும் தன்மையுள்ள கயிற்றை இழுத்துக் கட்டும் ஆபரேஷன் அப்படித்தான் பிறந்தது. குழந்தை வளரும்போது வெளிப்பக்க வளர்ச்சி அடங்கி, உள்பக்கம் எட்டிப் பிடிக்கிறது. இதற்கான கருவிக்கு 2019-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்குக் கயிறு அறுந்து மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. வளர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பார்கள். இங்கே கதை தலைகீழ். வளரும்போது நிமிர்த்தாததைப் பிறகு நிமிர்த்த முடிவதில்லை, ஆபரேஷனைத் தவிர.

பெல்ட் வேலை செய்வதும் இந்த விதியால்தான். 25 முதல் 40 டிகிரி வரை வளைவும், இன்னும் வளரும் வயதும் இருந்தால் 'ப்ரேஸ்' என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையைப் போடச் சொல்கிறார்கள். ஜனங்கள் பேச்சில் அது பெல்ட். இதில் நம்பிக்கை இல்லாத டாக்டர்களே ஒரு காலத்தில் இருந்தார்கள். 2013-ல் அமெரிக்கா, கனடா ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. வளர்ச்சி முடியும் வரை 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், பெல்ட் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேர். சும்மா கவனித்து வந்தவர்களில் 48 பேர். நாளைக்குப் பதின்மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் போட்டவர்களில் தொண்ணூறு பேருக்கு மேல் தப்பினார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துக் கொண்டார்கள்.

இதைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் நோட்டீஸைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, 24 டிகிரியில் பெல்ட் சொல்லியிருக்கிறார்கள். "ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்க டாக்டர்" என்று அவளுக்கு அழுகை. வீட்டார் ஏதோ ஓர் இடத்தில் பத்து மாதம் எண்ணெய் தேய்த்து, எலும்பைத் தட்டி நிமிர்த்தும் வைத்தியம் செய்தார்கள். என்னிடம் வந்தபோது 41 டிகிரி. அந்தப் பத்து மாதத்தில் அவள் வயசுக்கு வந்திருந்தாள், ஐந்து அங்குலம் உயர்ந்திருந்தாள். அந்த ஐந்து அங்குலத்தை எந்த வைத்தியத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

கொளத்தூர் தொட்டியில் நீந்தும் மீன்

கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் நீலக் கோடு போட்ட சின்ன மீன் கூட்டமாகத் துள்ளும். சீப்ரா மீன் என்பார்கள். நம் நாட்டு மீன்தான். ஹாமில்டன் என்ற கிழக்கிந்திய கம்பெனி மருத்துவர் 1822-ல் கங்கை நதி மீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதை வர்ணித்திருக்கிறார். இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கூடங்களில் இது ராஜா.

இரண்டு கால் வேண்டும் என்றோமே, மீனுக்குக் காலே இல்லையே? வால் அடித்து முன்னேறும்போது மீனின் முதுகில் தலையிலிருந்து வால் வரை அழுத்தம் விழுகிறது. நம் முதுகில் மேலிருந்து இறங்கும் பாரத்துக்கு அது ஈடாகிறது என்கிறார்கள். வளர்ப்புக் கப்பி மீன்களில் பரம்பரையாக முதுகு வளையும் ஒரு வம்சத்தை 2007-ல் கனடாவில் ஆராய்ந்தார்கள். அவற்றிலும் பெரிய வளைவு பெண் மீன்களுக்கே அதிகம்!

2014-ல் கனடாவின் டொரன்டோவில் ஒரு மரபணு பழுதான சீப்ரா மீன்களுக்கு, பிறக்கும்போது நேராக இருந்த முதுகு, வளரும் பருவத்தில் வளைவதைக் கண்டார்கள். 2016-ல் அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து காரணத்தைத் தொட்டார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு திரவம் ஓடுகிறது. உள்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் துடுப்புப் போட்டு அதைத் தள்ளுகின்றன. இந்த மீன்களில் துடுப்பு பழுது, ஓட்டம் தாறுமாறு. தண்ணீரின் சூட்டை மாற்றினால் துடுப்பு மறுபடி வேலை செய்யும்படியான ஒருவகை மீனில், வளைவு தொடங்கிய பிறகு துடுப்பைச் சரிசெய்தபோது, வளைவு அதற்கு மேல் கூடாமல் நின்றது. சுரப்பியை வெட்டவில்லை, காலை வெட்டவில்லை, கயிறு கட்டவில்லை. இதுவரை செய்த மாதிரிகளில் நம் பிள்ளைகளின் நோய்க்கு இதுதான் மிக நெருக்கம் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் நம் பெண்களுக்கும் இந்தத் திரவ ஓட்டத்தால்தான் வளைகிறது என்று காட்டப்படவில்லை. மெலடோனின் கதை மறந்துவிடவில்லையே?

திருவான்மியூரில் பிறந்த சட்டம்

முன்னங்காலை வெட்டிய எலியைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். நம் நாட்டில் பிராணிகளின் வலியைப் பற்றிப் பேச ஒரு சட்டம் இருக்கிறது என்றால், அதற்கு நம் திருவான்மியூர்க்காரர் ஒருவர் முக்கிய காரணம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1950-களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. சோதனையே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தவிர்க்க முடியுமானால் தவிர், சின்னப் பிராணி போதும் என்றால் பெரியதைத் தொடாதே, வலிக்கும் வேலைக்கு மயக்க மருந்து கொடு என்கிறது. 1998 விதிகளின்படி ஒவ்வொரு ஆராய்ச்சி நிலையமும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கித்தான் எலியைத் தொட வேண்டும். சித்த மருந்துகளின் நஞ்சுத்தன்மையைச் சோதிக்க நாங்களும் எலியைத்தான் நம்புகிறோம். ஆகவே எனக்கு இதில் பெரிய யோக்கியன் வேஷம் போட உரிமை இல்லை. ஆனாலும் காலை வெட்டி நிற்க வைக்கும் சோதனையை இனி யாரும் திரும்பச் செய்யத் தேவையில்லை. அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது.

நோட்டீஸை நீட்டினால் என்ன கேட்பது?

எந்தப் பிராணி? அதன் முதுகை எப்படி வளைத்தார்கள்? நஞ்சு கொடுத்து வளைத்த எலியை மருந்தால் காப்பாற்றினால், அந்த நஞ்சுக்கு மாற்று கிடைத்தது என்று மட்டும் அர்த்தம். மருந்தை வளைவதற்கு முன்பே கொடுத்தார்களா, வளைந்த பிறகா? வராமல் தடுப்பது வேறு, வந்ததை நிமிர்த்துவது வேறு. மனிதப் பிள்ளைகளின் எக்ஸ்ரே, முன்னால் எவ்வளவு டிகிரி, வளர்ச்சி முடிந்தபின் எவ்வளவு டிகிரி? இதற்கு மட்டும் பதில் வராது, பார்த்துக்கொண்டே இருங்கள்.

வீட்டிலேயே நீங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பத்து வயதிலிருந்து வளர்ச்சி நிற்கும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பெண்ணின் முதுகு தெரியும்படி நிற்க வைத்து, முட்டி மடங்காமல், இரு கைகளையும் சேர்த்துத் தொங்க விட்டு மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து முதுகின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலோ, நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்து, இடுப்பு ஒரு பக்கம் மடிந்து, சட்டை ஒரு பக்கம் இறங்கித் தெரிந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். 25 டிகிரிக்குக் குறைவாக இருந்து அவர் 'கவனிக்கலாம்' என்றால், சொன்ன தேதியில் மறுபடி போங்கள். பரீட்சை வருகிறது என்று தள்ளிப் போடாதீர்கள்.

எண்ணெய்க் குளியல், தொக்கணம் எல்லாம் வீணா என்றால், இல்லை. அசந்து போன முதுகுத் தசைக்கு இதம் தரும், தூக்கம் வரும். செய்யலாம். டிகிரியை அது குறைக்காது. எலும்பை நெட்டி முறிப்பது கூடவே கூடாது. பெல்ட் போடும் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போட்டுச் சுத்தமாகக் கழுவித் துடைத்த பிறகே பெல்ட் மாட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையால் தோல் மிருதுவாகி, நம் ஊர் வியர்வையும் சேர்ந்து, உராயும் இடம் புண்ணாகும். புண்ணானால் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். உள்ளே தையல் இல்லாத இறுக்கமான பருத்தி பனியன் போட்டு, வியர்த்தால் நாளைக்கு இரண்டு முறை மாற்றுங்கள்.